தோலிலே விழுந்த துளை மூடாது

கனடாவின் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் மாணவர்கள் தத்தம் பீடத்தின் தோல் ஜக்கெற்றை வாங்கி அணிவது நெடுங்கால வழக்கமாகும். கிங்ஸ்ரன் நகரிலுள்ள குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் மாணவர்கள் அணியும் பொன்னிற ஜக்கெற் இவற்றுள் பேர்பெற்றது. பீடத்தின் சின்னம், பட்டம் பெறும் ஆண்டு என நூலாற் பின்னிய துணி அடையாளங்கள் ஒவ்வொன்றாக இத்தகைய ஜக்கெற்றுகளில் ஏறும். எமது பிள்ளைகளும் அவற்றை அணிந்து வீதியில் நடப்பதைக் காண்கையில் நெஞ்சு நிறைகிறது. ஆயினும் அதன் விலை, துப்புரவுத் தொழிலும் உணவகத் தொழிலும் செய்யும் பெற்றோருக்குப் பல நாட் சம்பளமாகும்.

எமக்குத் தெரிந்த குடும்பமொன்றின் மூத்த மகள் பொறியியற் பீடத்திற்குத் தெரிவானாள். புரட்டாதியில் ஜக்கெற் வந்தது. தாயார் ஊரிலே சிங்கர் இயந்திரத்தில் அயலவர் பிள்ளைகளுக்கெல்லாம் பாடசாலைச் சீருடை தைத்துக் கொடுத்தவர். சின்னம் தைக்கக் கடையில் கேட்ட கூலியை மிச்சம் பிடிக்கலாமென எண்ணினார். சின்னத்தின் பின்புறம் பசை பூசப்பட்டிருந்தபடியால், பருத்தித் துணிக்குரிய சூட்டில் அயன் பெட்டியை வைத்து அழுத்தினார். தோல் சுருங்கியது. பெட்டியின் முனை வடிவிலே கைப்பகுதியில் தழும்பு விழுந்தது. சின்னமோ இரண்டு நாளில் ஓரத்தாற் கழன்றது. பின்னர் இயந்திரத்தில் வைத்து நெருக்கமாகத் தையலோட்டினார். மார்கழிக்கு முன்பே அத்தையல் வழியே தோல் கிழிந்தது.

மகள் ஒன்றும் சொல்லவில்லை. ஜக்கெற்றை அணியவுமில்லை. "பிள்ளை ஒரு பேச்சுப் பேசியிருந்தாலும் மனம் ஆறியிருக்கும்" என்றார் தாயார் எம்மிடம்.

அவரது கைத்திறனில் நாம் குறை காணவில்லை. ஊரிலே தோலென்றால் காலிலே செருப்பு, இடுப்பிலே பட்டி, கோயிலிலே தவில். தோலாடை தைக்கும் தேவை யாழ்ப்பாணத்து வெயிலில் யாருக்கு இருந்தது?

துணி என்பது இழைகளின் நெசவு. ஊசி இழைகளை விலக்கிக்கொண்டு போகும். ஊசியை எடுத்துவிட்டால் இழைகள் மீண்டும் கூடிவிடும். பிழையாகத் தைத்தால் பிரித்துவிட்டு மறுபடி தைக்கலாம். தோலிலே நார்கள் ஒன்றோடொன்று பின்னி ஒரே படலமாக இருக்கின்றன. அதிலே ஊசி விழுந்த இடம் துளையாகவே நின்றுவிடும். துளைகள் நெருங்கினால் தபால் முத்திரைத் தாளின் துளை வரிசை போலாகி, இழுத்தவுடன் கிழியும். துணிக்கு 2 அல்லது 2.5 மில்லிமீற்றர் நீளத்தில் தையல் வைப்போர், தோலுக்கு 3 முதல் 4 மில்லிமீற்றர் வரை வைக்க வேண்டும். வளைந்து வளைந்து செல்லும் நெருக்கத் தையலைத் தவிர்க்க வேண்டும். தையல் முடிவில் இயந்திரத்தைப் பின்னோக்கி ஓட்டுவதும் கூடாது; நூல் நுனிகளை உட்புறமாக இழுத்துக் கையால் முடிச்சிடுவதே முறை.

சூட்டைப் பொறுத்தவரை, பதனிடாத தோலின் நார்கள் வெந்நீரில் 60 முதல் 65 பாகை செல்சியசிலேயே சுருங்கத் தொடங்கும். குரோமியத்தாற் பதனிட்ட ஆடைத்தோல் இதனிலும் மிகுதியான சூட்டைத் தாங்குமாயினும், பசைச் சின்னங்கள் ஒட்டுவதற்கு ஏறத்தாழ 150 பாகை தேவைப்படுகிறது. மேற்பூச்சுள்ள வழவழப்பான தோலில் அந்தப் பசை நன்கு பற்றுவதுமில்லை. ஆகவே தோலுக்கு அயன் பெட்டி வேண்டாம்.

வீட்டிலே தைக்க விரும்புவோர் முதலிற் பிள்ளைக்கு ஜக்கெற்றை அணிவித்து, கையை மடக்கச் சொல்லி, மடிப்பு விழாத இடத்தைத் தெரிய வேண்டும். குண்டூசி குத்தலாகாது, அதுவும் துளைதான். இருபுறமும் ஒட்டும் மெல்லிய நாடாவைச் சின்னத்தின் நடுப்பகுதியில் வைத்து நிறுத்தினாற் போதும். ஓரத்தில் ஒட்டினால் ஊசியிற் பசை பிடிக்கும். அடுத்தது உட்துணி. அதையும் சேர்த்துத் தைத்துவிட்டால் கை நுழையும்போதெல்லாம் இழுபடும். அநேகமான ஜக்கெற்றுகளில் கையின் உட்துணியிலே மூட்டுத் தையலொன்று இருக்கும். அதைச் சிறிது பிரித்து, உள்ளே கைவிட்டு, தோலோடு மட்டும் சின்னத்தைத் தைத்தபின் மூடிவிடலாம்.

குழாய் போன்ற கைப்பகுதி வீட்டு இயந்திரத்தில் இலகுவில் ஏறாது. எமது எண்ணப்படி கைத்தையலே சிறந்தது. முனையில் மூன்று விளிம்புகள் கொண்ட தோலூசியும் பொலியெஸ்ரர் நூலும் வேண்டும். தாவரப் பட்டையாற் பதனிட்ட தோலிற் பருத்தி நூல் நாளடைவில் இற்றுப்போகும். ஒரே நூலின் இரு நுனிகளிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டையும் எதிரெதிராகச் செலுத்தினால், ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மற்றைய இழை தாங்கும்.

நொடியில் ஒட்டும் பசைகள் இறுகி உடைந்துவிடும். சப்பாத்துத் திருத்துவோரின் பசை வளைந்து கொடுக்கும். ஆனால் அதன் ஆவி தீப்பற்றக்கூடியது. நிலக்கீழ் அறைகளில் வாழும் எம்மவர் யன்னலைத் திறந்து, அடுப்பை அணைத்த பின்னரே அதைத் தொட வேண்டும்.

மெல்லிய செம்மறித் தோலாயின் கூலி கொடுத்துத் தைப்பிப்பதே மலிவு. கொடுக்குமுன் அக்கடையில் தோல் தைத்த அனுபவம் உண்டா எனக் கேட்பதில் வெட்கமில்லை.

மேற்சொன்ன ஜக்கெற்றின் கிழிந்த இடத்திற்குச் சப்பாத்துத் திருத்தும் முதியவர் ஒருவர் உட்புறமாகத் தோற்துண்டு வைத்து ஒட்டிக் கொடுத்தார். தழும்பையும் பழைய துளைகளையும் மறைக்கக்கூடிய பெரிய சின்னமொன்றை மகளே தெரிந்து வாங்கி வந்தாள். தாயார் அதைக் கையால் மூன்று மாலைப் பொழுதுகளில் தைத்து முடித்தார். இம்முறை துளையிட வேண்டிய இடங்களை முதலிலே காகிதத்திற் புள்ளியிட்டுப் பார்த்தார். மகள் அருகிலிருந்து அளவுகோலைப் பிடித்தாள்.