மெய்யைக் காட்டி ஏமாற்றினார்கள்!

டெலிவிஷனில் துப்பறியும் கதைகளுக்குப் பஞ்சமில்லை. கொலை நடக்கும். துப்பறிபவர் வருவார். கடைசியில் குற்றவாளி அகப்படுவான். நாமும் நிம்மதியாகத் தூங்கப் போவோம்.

திருடர்களே கதாநாயகர்களாக வரும் கதை வேறு ரகம். அங்கே நாம் திருடனின் கட்சியில் சேர்ந்துவிடுகிறோம். "ஐயோ, காவலாளி வருகிறானே! பெட்டி இன்னும் திறக்கவில்லையே!" என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ஒழுங்காக வரி கட்டி, வரிசையில் நின்று டிக்கெட் வாங்குகிற நமக்கு ஏன் இந்த ஆசை?

இதற்கு விடை தேடுகிறவர்கள் "லெவரேஜ்" என்ற அமெரிக்கத் தொடரின் முதல் கதையைப் பார்க்க வேண்டும். 2008 டிசம்பர் 7-ந் தேதி டி.என்.டி. டெலிவிஷனில் அது வெளிவந்தது. ஜான் ராஜர்சும் கிறிஸ் டௌனியும் எழுதினார்கள். டைரக்ட் செய்தவர் டீன் டெவ்லின். நான் அதை எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கு வைக்கவில்லை. வீட்டில் உள்ளவர்கள் வைத்திருக்கிறார்கள்!

லெவரேஜ் என்றால் நெம்புகோலின் பலம். பத்துப் பேர் சேர்ந்தாலும் நகராத பாறையை, கடப்பாரையைச் சரியான இடத்தில் கொடுத்து ஒருவன் புரட்டிவிடுகிறான் அல்லவா? அதுதான்.

குடிகாரனைத் தேடி வந்த முதலாளி

கதை சிக்காகோ நகரத்தில் நடக்கிறது. மதுக்கடையில் ஒருவர் தனியாகக் குடித்துக்கொண்டிருக்கிறார். பெயர் நேட் போர்டு. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பெரிய புலனாய்வாளராக இருந்தவர். களவு போன சித்திரங்களையும் நகைகளையும் மீட்டுக் கொடுத்து, கம்பெனிக்குக் கோடிக் கணக்கில் லாபம் சம்பாதித்துத் தந்தவர்.

அப்படிப்பட்டவரின் சிறு மகனுக்கு நோய் வந்தது. சிகிச்சைக்குப் பணம் கேட்டார். "இது இன்னும் சோதனையில் இருக்கும் சிகிச்சை. பணம் தர முடியாது" என்று அதே கம்பெனி கையை விரித்துவிட்டது. பையன் இறந்துபோனான். குடும்பம் உடைந்தது. நேட் குடியில் விழுந்தார்.

அவரைத் தேடி டூபெனிச் என்ற விமானக் கம்பெனி முதலாளி வருகிறார். "என்னுடைய விமான வரைபடங்களைப் போட்டிக் கம்பெனி திருடிவிட்டது. திருப்பித் திருட வேண்டும். திருடர்களை நான் பிடித்து வைத்திருக்கிறேன். அவர்களைக் கட்டி மேய்க்க யோக்கியன் ஒருவன் வேண்டும்" என்கிறார். அந்தப் போட்டிக் கம்பெனிக்கு இன்ஷூரன்ஸ் கொடுத்திருப்பது யார் தெரியுமா? நேட்டின் பழைய கம்பெனிதான்! மனிதர் பணத்துக்காகப் போகவில்லை. புண்ணின் மேல் விரலை வைத்து அழுத்துகிறார்கள், எழுந்து போகிறார்.

நேட்டாக நடிப்பவர் டிமத்தி ஹட்டன். 1980-ல் வெளிவந்த "ஆர்டினரி பீப்பிள்" படத்துக்காக, இருபது வயதிலேயே துணை நடிகருக்கான ஆஸ்கார் பரிசு வாங்கியவர். அதில் அவர், அண்ணன் இறந்துபோன வீட்டில் தவிக்கும் பிள்ளை. இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு இங்கே, மகனை இழந்து தவிக்கும் தகப்பன்! அந்தப் பழைய படத்தைப் பார்த்தவர்களுக்கு இவர் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் தொண்டை அடைக்கும்.

தனித் தனிப் பறவைகள்

திருடர்கள் மூவர். கம்ப்யூட்டரைக் குடைந்து எந்த ரகசியத்தையும் எடுத்துவிடும் ஹார்டிசன் (ஆல்டிஸ் ஹாட்ஜ்). அடிதடியில் மன்னன் எலியட் (கிறிஸ்டியன் கேன்). இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு மாடியிலிருந்து சிரித்தபடி குதிக்கும் பார்க்கர் என்ற பெண் (பெத் ரீஸ்கிராப்). மூவருக்கும் கூட்டுத் தொழில் பழக்கமில்லை. ஒருவரை ஒருவர் நம்புவதும் இல்லை.

வரைபடங்கள் கைக்கு வருகின்றன. மறுநாள் "பணம் வரவில்லை" என்று ஆளுக்கு ஆள் கோபத்தோடு ஒரு கிடங்குக்கு வந்து சேருகிறார்கள். அப்போதுதான் நேட்டுக்கு உறைக்கிறது. இந்த நாலு பேரையும் ஒரே இடத்துக்கு ஒரே நேரத்தில் வரவழைக்க வழி என்ன? கூலி கொடுக்காமல் இருப்பதுதான் வழி!

கிடங்கு வெடித்துச் சிதறுகிறது.

உயிர் தப்பியவர்கள் கண் விழிப்பது ஆஸ்பத்திரியில். கையில் விலங்கு. வெளியே போலீஸ். மகனைப் பறிகொடுத்தவனுக்கு இந்த உலகத்தில் எந்த இடம் ஆகாதோ, அந்த இடத்தில் கொண்டுபோய் நேட்டைப் போட்டிருக்கிறார்கள். அங்கிருந்து நால்வரும் தப்பிக்கும் விதம் நம்பும்படி இல்லை என்று குறை சொல்பவர்கள் உண்டு. நானும் அந்தக் கட்சிதான். ஆனால் "நீங்கள் ஒருவரையொருவர் நம்ப வேண்டாம், என்னை மட்டும் நம்புங்கள்" என்கிற மாதிரி நேட் அவர்களைச் சமாளிக்கிறாரே, அதற்காக மன்னித்துவிடலாம்.

அந்த வரைபடங்கள் உண்மையில் டூபெனிச்சுடையவை அல்ல, போட்டிக் கம்பெனியுடையவைதான். யோக்கியன் என்று சொல்லிக் கூப்பிட்டவர், அந்த யோக்கியனையே திருடனாக்கிவிட்டார்.

மேடையில் பூஜ்யம், மோசடியில் ராணி

பழி வாங்க இன்னும் ஒரு ஆள் வேண்டும். சோபி (ஜீனா பெல்மன்) என்ற நடிகையைத் தேடிப் போகிறார்கள். மேடையில் அவள் நடிப்பதைப் பார்த்து மற்ற மூவரும் முகத்தைச் சுளிக்கிறார்கள். அவ்வளவு மோசம்! நேட் மட்டும் சிரித்துக்கொள்கிறார். அவளுடைய மேடை அது அல்ல என்று அவருக்குத் தெரியும். சட்டத்தை மீறும்போதுதான் அவளுக்கு நடிப்பு வரும். நன்றாக நடிக்கத் தெரிந்தவர் மோசமாக நடிப்பது எத்தனை கஷ்டம் என்பது நாடகக்காரர்களுக்குத் தெரியும். ஜீனா பெல்மன் அதை அநாயாசமாகச் செய்கிறார்.

யார் போலி?

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. கதையை இன்னும் பார்க்காதவர்கள் இங்கே நிறுத்திக்கொள்ளலாம்.

மோசடிக் கதைகளில் தலைசிறந்தது 1973-ல் வந்த "தி ஸ்டிங்" திரைப்படம் என்பார்கள். அதுவும் சிக்காகோ கதைதான். அதில் ஒரு பொய்யான பந்தயக் கடையையே கட்டிவிடுகிறார்கள். குமாஸ்தா பொய், வாடிக்கைக்காரர்கள் பொய், ஒலிபரப்பு பொய். அத்தனையும் மெய்யென்று நம்பி ஒருவன் பணத்தைக் கொட்டுகிறான். பொய்யை மெய்யாகக் காட்டுவது. மோசடியின் பாலபாடம் அது.

லெவரேஜ் கோஷ்டியும் அப்படித்தான் தொடங்குகிறது. ஆப்பிரிக்க வியாபாரத்துக்குத் தரகியாக சோபி டூபெனிச்சிடம் போகிறாள். நைஜீரிய அதிகாரிகளை அழைத்து வருகிறாள். விமானத் தொழிலில் பெரிய ஒப்பந்தம் என்று பேச்சு நடக்கிறது. டூபெனிச் முட்டாள் அல்ல. சோபி யார் என்று கண்டுபிடித்துவிடுகிறார். அவள் பின்னால் நிற்பவர்கள் யார் என்றும் கண்டுபிடித்துவிடுகிறார். அகமகிழ்ந்துபோகிறார்! எல்லோரையும் கையும் களவுமாகப் பிடிக்க எப்.பி.ஐ. போலீசைக் கூப்பிடுகிறார். பங்குதாரர்கள் கூடியிருக்கும் விருந்தில், "இந்த வேஷக்காரர்களைப் பிடியுங்கள்" என்று நைஜீரியர்களைக் காட்டுகிறார்.

அவர்கள் வேஷக்காரர்கள் அல்ல. அசல் நைஜீரிய அரசாங்க அதிகாரிகள்!

முதல் தடவை பார்த்தபோது நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். சோபி போலி, அலுவலகம் போலி, பேச்சு போலி. ஆனால் எதைப் போலி என்று அந்த மனிதர் சத்தியம் செய்தாரோ, அது மட்டும் அசல்! மெய்யைப் பொய்யென்று நம்ப வைத்துவிட்டார்கள். இது ஸ்டிங் படத்தைக் கவிழ்த்துப் போட்ட கதை. தன்னைக் கெட்டிக்காரன் என்று நினைக்காத ஒருவனிடம் இந்த வித்தை பலிக்கவே பலிக்காது. டூபெனிச் மோசடியைக் கண்டுபிடித்ததால்தான் மோசம் போனார்.

தலைப்பிலேயே எழுத்தாளர்கள் இதைச் சொல்லிவிட்டார்கள். "நைஜீரியன் ஜாப்" என்பது இந்தக் கதையின் பெயர். நைஜீரியா என்றவுடன் நம் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது என்ன? "என்னிடம் கோடிக் கணக்கில் பணம் முடங்கிக் கிடக்கிறது, முன்பணம் அனுப்பினால் பங்கு தருகிறேன்" என்று வரும் மோசடிக் கடிதம். அந்த நாட்டுக் குற்றச் சட்டத்தின் 419-வது பிரிவால் அதற்கு 419 என்றே பெயர். (அந்த வித்தை நைஜீரியாவில் பிறந்ததும் அல்ல. "ஸ்பானியக் கைதி" என்ற பெயரில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவில் கடிதம் போட்டு ஏமாற்றியிருக்கிறார்கள்.) கறுப்பு நிறமுள்ள கனவான்கள் நைஜீரியாவிலிருந்து வந்தால் மோசடியாகத்தான் இருக்கும் என்ற இளப்பம் டூபெனிச்சின் மனத்தில் ஏற்கெனவே இருந்தது. நேட் வைத்த கடப்பாரை அந்த இடத்தில்தான். நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள், அந்த நிமிஷம் வரை நீங்களும் அவர்களைக் கூலிக்கு வந்த நடிகர்கள் என்று நினைக்கவில்லையா? நானும் நினைத்தேன்.

டூபெனிச் லஞ்ச விவகாரத்தில் சிக்குகிறார். கம்பெனியின் பங்கு விலை சரிகிறது. அதிலும் ஒரு சூட்சுமம். பங்கைக் கடனாக வாங்கி, விலை உள்ளபோது விற்று, விழுந்த பிறகு மலிவாக வாங்கித் திருப்பிக் கொடுத்தால் நடுவில் உள்ளது லாபம். விலை விழப்போவது முன்கூட்டியே தெரிந்த ஹார்டிசன் இந்த வழியில் ஐந்து பேரையும் கோடீசுவரர்களாக்கிவிடுகிறான். எந்தப் பெட்டியையும் உடைக்கவில்லை!

2008 டிசம்பரில் இதைப் பார்த்த அமெரிக்கர்கள் எப்படி ரசித்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அந்த வருஷம் செப்டம்பர் 15-ந் தேதிதான் லேமன் பிரதர்ஸ் திவாலாகியிருந்தது. பெரிய இடத்து ஆட்கள் தப்பித்துக்கொள்ள, வீடு போனது சாமானியனுக்கு. இன்ஷூரன்ஸ் கம்பெனி முடியாது என்று மறுத்தால் வெளியார் ஒருவரிடம் அப்பீல் செய்யும் உரிமை நாடு முழுவதற்கும் சட்டமாக வந்தது 2010-ல்தான். நேட்டின் மகனுக்கு அது பயன்படவில்லை. சட்டத்தில் கதவு இல்லாத சுவரில் திருடன் கன்னம் வைக்கிறான், பார்ப்பவர்கள் கைதட்டுகிறார்கள்.

தொடர் 2012 டிசம்பர் 25 வரை 77 கதைகள் ஓடியது. 2021-ல் ஹட்டன் இல்லாமல் வேறு பெயரோடு திரும்பவும் வந்தது. பிற்பட்ட கதைகள் பலவற்றில் திருடர்கள் செய்ததை நமக்கு மறைத்துவிட்டு, கடைசியில் "அப்போதே இப்படிச் செய்தோம்" என்று காட்டும் உத்தி அளவுக்கு மீறிவிட்டது என்பது என் அபிப்பிராயம். முதல் கதையில் அந்தக் குறை குறைவு. நைஜீரியர்களை நம் கண்ணெதிரேதான் நடமாட விட்டார்கள்.

டூபெனிச்சாக நடித்த சால் ரூபினெக்கை 2012-ல் நான்காம் வரிசையின் முடிவில் மறுபடி கொண்டுவந்தார்கள். இந்த முறை வஞ்சம் அவர் பக்கம். நேட்டின் தகப்பனார் உயிரே அதற்குப் பலியானது. ஆனாலும் எனக்கு அந்த நடிகரிடம் பிடித்தது பழைய விருந்துக் காட்சிதான். வெற்றிச் சிரிப்பு முகத்திலேயே நிற்கிறது; கண்ணில் மட்டும் பயம் ஏறுகிறது. மறுபடி பார்க்கிறவர்கள் அப்போது அவரைப் பார்க்க வேண்டாம். பின்னால் நிற்கும் அதிகாரிகளைப் பாருங்கள். நம்மை ஏன் திருடர்கள் என்கிறான் இந்த ஆள் என்று விழிக்கிறார்கள், பாவம்.