வீதியும் விதியும்

தமிழிலே விதி என்னும் சொல்லுக்குப் பொருள் இரண்டு. முன்னை வினையின் பயனாய் வந்து பொருந்துவது விதி. இன்னது செய்க, இன்னது செய்யற்க என அறிந்தோர் வகுத்து வைப்பதும் விதி. முன்னையதை ஊழ் என்றும், பின்னையதை நியமம் என்றும் பிரித்துக் கூறலாமாயினும், உலக வழக்கில் இரண்டும் ஒரு சொல்லுள்ளே அடங்கிக் கிடக்கின்றன. ஒருசொற் பலபொருளுக்கு எடுத்துக்காட்டாக இதனை வகுப்பிலே மாணவர்க்குக் கூறுவது என் வழக்கம். இவ்விரு பொருளும் ஒன்றோடொன்று மல்லாடுவதைக் காணவேண்டுமாயின் நூல்களைப் புரட்ட வேண்டுவதில்லை. ஐரோப்பிய நாடுகளிலே நடைபெறும் துவிச்சக்கரவண்டி ஓட்டப்போட்டிகளின் வரலாற்றைப் பார்த்தாலே போதும்.

பண்டிதனுக்கும் சைக்கிளோட்டத்துக்கும் யாது தொடர்பு என வாசகர் வினவலாம். சொறிக்கல்முனையில் வாழ்வோர்க்குச் சைக்கிள் அயலானதன்று. கிட்டங்கி வழியாகக் கல்முனைக்குச் செல்லும் மாணவனும், வேளாண்மை பார்க்க வயலுக்குச் செல்லும் முதியவரும் அதனையே நம்பியிருக்கின்றனர். சித்திரைப் புத்தாண்டு பிறந்தால் ஊர்தோறும் நடைபெறும் விளையாட்டு விழாக்களிலே சைக்கிளோட்டத்துக்குத் தனியிடம் உண்டு. என் மாணவர் சிலர் மேனாட்டுப் போட்டிகளைக் கைத்தொலைபேசியிற் கண்டு, அவ்வீரரைப் போலவே குனிந்து வளைந்து நம் வீதிகளில் ஓட்டிப் பழகுகின்றனர். யாரேனும் விழுந்துவிட்டாலோ, “அவனுடைய விதி” என்று பெரியோர் சொல்லி அமைகின்றனர். இந்த ஒரு சொல்லே என்னை எழுதத் தூண்டியது.

ஓட்டவீரர் ஏன் விழுகின்றனர் என்பதை முதலில் நோக்குவோம். அவர்கள் தனித்தனியே செல்வதில்லை. பறவைக் கூட்டம்போலத் திரண்டு செல்கின்றனர். முன்செல்பவன் காற்றைக் கிழித்துக் கொடுக்க, அவன் மறைவிலே பின்செல்பவனுக்கு உழைப்பிற் பெரும்பங்கு மிச்சமாகின்றது. ஆதலால் ஒருவனது முன்சக்கரம் மற்றவனது பின்சக்கரத்தை ஒரு சாண் இடைவெளியிலே தொடர்கின்றது. 1903-ஆம் ஆண்டு தொடங்கிய ‘தூர் த பிரான்ஸ்’ என்னும் பெரும்போட்டியில் இந்நாளில் 170-க்கு மேற்பட்டோர் மூன்று வாரங்களில் 3,000 கிலோமீற்றருக்கு மேல் ஓடுகின்றனர். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகம் என்பது ஒரு நொடிக்கு ஏறக்குறைய 14 மீற்றர். கண்ணிமைத்து நிமிரும் முன்னரே ஒரு வீட்டின் நீளத்தைக் கடந்துவிடுகின்றனர். அந்த வேகத்தில் ஒருவன் தடுமாறினால் அவன் பின்னே வரும் இருபதின்மரும் விழுவது ஊழின் செயலன்று, கணக்கின் செயல்.

இனி, தலைக்கவசத்தின் கதையைக் கேண்மின். 1991-ஆம் ஆண்டிலே அனைத்துலகச் சைக்கிளோட்டச் சங்கம் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்க முயன்றது. எதிர்த்தவர் யார்? ஓட்டவீரரே! வெயிலிலே தலை வேகின்றது, அணிவதும் விடுவதும் எம் உரிமை என்று அவர்கள் போர்க்கொடி தூக்கவே, அவ்விதி கைவிடப்பட்டது. 1995-ஆம் ஆண்டு யூலை 18-ஆம் நாள், பிரனீஸ் மலைத்தொடரில் போர்த்தே தாஸ்பே என்னும் கணவாயிலிருந்து இறங்கும்போது பலர் விழுந்தனர். அவர்களுள் ஒருவர் இத்தாலிய வீரரான பாபியோ கசார்த்தெல்லி. 1992-இல் பார்சிலோனா ஒலிம்பிக் விழாவிலே தங்கப்பதக்கம் வென்றவர். வீதியோரத்துக் கற்கட்டிலே தலை மோதியது, தலைக்கவசம் இல்லை. இருபத்துநான்கு வயதிலே அவர் மாண்டார். மறுநாள் வீரர் அனைவரும் போட்டியிடாது ஒன்றாகவே ஓடி, அவருடைய அணியினரை முன்னே செல்லவிட்டு அஞ்சலி செலுத்தினர். உலகம் கண்ணீர் வடித்தது, விதியோ மாறவில்லை.

எட்டாண்டுகள் சென்றன. 2003-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், பாரிசு-நீசு ஓட்டத்திலே கசக்சுத்தான் நாட்டு வீரர் அந்திரே கிவிலெவ் விழுந்து தலையில் அடிபட்டு இறந்தார். அவரும் தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை. அவ்வாண்டு மே மாதத்திலேதான் தலைக்கவசம் கட்டாயமாயிற்று. அப்பொழுதும், மலையுச்சியில் முடியும் நீண்ட ஏற்றத்தில் அதனைக் கழற்றலாம் என ஒரு விலக்கு இருந்தது; பின்னர் அதுவும் நீக்கப்பட்டது. இன்று தலைக்கவசமின்றி ஓடும் வீரரைக் காண்டல் அரிது. எதிர்த்துப் பேசுவாரும் இலர். முதற்பொருளில் விதி என்று இரங்கியதை, இரண்டாம் பொருளில் விதியாக வகுத்து வெல்வதற்கு இரண்டு உயிர்கள் விலையாயின.

ஆயினும் வீரன் தன் தலையை மட்டும் காத்துக்கொண்டாற் போதுமா? போதாது. 2011-ஆம் ஆண்டு மே 9-ஆம் நாள் இத்தாலியப் பெருவோட்டத்தில் மலையிறக்கத்திலே விழுந்து இறந்த பெல்சிய வீரர் வூத்தர் வெய்லாந்து தலைக்கவசம் அணிந்தே ஓடினார். 2023-ஆம் ஆண்டு யூன் மாதத்தில் சுவிற்சர்லாந்தின் அல்புலா மலையிறக்கத்திற் பள்ளத்தில் வீழ்ந்து, மறுநாள் இறந்த கீனோ மேடரும் அவ்வாறே. இருவர்க்கும் வயது இருபத்தாறு. வீரன் செய்யத்தக்கது ஒன்று. வீதியை வகுப்போர் செய்யத்தக்கது மற்றொன்று. பின்னையதைப் பற்றியே நாம் குறைவாகப் பேசுகிறோம்.

2020-ஆம் ஆண்டு ஓகத்து 5-ஆம் நாள் போலந்து நாட்டின் கத்தோவிசு நகரிலே நிகழ்ந்தது இதற்குத் தக்க சான்று. அங்கே எல்லைக்கோடு இறக்கமான வீதியில் அமைந்திருந்தது. அதனால் மணிக்கு 80 கிலோமீற்றர் அளவிலே வீரர் பாய்ந்து வந்தனர். அவ்விடம் ஆபத்தானது என்று வீரர் பலர் முன்னரே குறைகூறி வந்தனர். அன்று தைலன் குரூனவேகன் தன் வழியினின்றும் விலகவே, பாபியோ யாகொப்சன் ஓரத்துத் தடுப்பிலே மோதினார். தடுப்பு அவரைத் தாங்கவில்லை, சிதறிப் பறந்தது. அவர் உயிர் ஊசலாடிப் பிழைத்தது. வழிவிலகியவருக்கு ஒன்பது மாதத் தடை கிடைத்தது, அது முறையே. ஆனால், இறக்கத்தில் எல்லைக்கோட்டைக் கீறிய கைகளுக்கும், காக்கவேண்டிய தடுப்பைக் காவாத் தடுப்பாய் நிறுத்திய கைகளுக்கும் பொறுப்பு இல்லையா? யாகொப்சன் மறுவருடம் இசுப்பானியப் பெருவோட்டத்தில் மூன்று நாட்களின் வெற்றியைப் பெற்றதும், 2022-இல் பிரான்சிய ஓட்டத்திலே ஒருநாள் வென்றதும் அவருடைய ஆள்வினை. அவ்வாள்வினையைக் காட்டி ஏற்பாட்டாளர் தம் குறையை மறைத்தல் தகாது.

வீதியிலே நிற்போருக்கும் பங்குண்டு. 2021-ஆம் ஆண்டு பிரான்சிய ஓட்டத்தின் முதல்நாளில், தொலைக்காட்சியிலே தோன்றவேண்டும் என்ற ஆசையால் ஒருவர் எழுத்தட்டை ஒன்றை வீதிக்குள்ளே நீட்டினார். வீரர் கூட்டம் சரிந்து குவிந்தது. 2016-இல் பெல்சிய வீரர் அந்துவான் தெமுவாத்தியே விழுந்தபின், போட்டியைத் தொடர்ந்து வந்த மோட்டார் சைக்கிள் மோதியதால் மாண்டார். காக்கவும் படம்பிடிக்கவும் வந்த வண்டிகளே கூற்றாதலும் உண்டு என்பதை இது உணர்த்துகின்றது.

இவற்றாலெல்லாம் சில நல்விதிகள் பிறந்துள்ளன. எல்லைக்கோட்டுக்கு முன்னுள்ள கடைசி 3 கிலோமீற்றரில் வீழ்ச்சியால் தடைப்பட்டவனுக்கு, அவன் சேர்ந்து வந்த கூட்டத்தின் நேரமே கணக்கிடப்படும். அதனால் நேரத்தை இழக்கும் அச்சத்தில் எல்லாரும் முன்னே முண்டியடிக்கவேண்டிய தேவை குறைகின்றது. சைக்கிளின் சட்டத்திலே குந்திக்கொண்டு மலையிறங்குதல் 2021-இல் தடுக்கப்பட்டது. 2025 முதல், ஆபத்து விளைப்போர்க்கு மஞ்சள் அட்டை உண்டு. ஒரே போட்டியில் இரண்டு பெற்றால் போட்டியினின்றும் நீக்கமும் ஏழுநாள் தடையும் வரும். வீரர்க்கு மட்டுமன்றி, உடன்செல்லும் வண்டிகளைச் செலுத்துவோர்க்கும் அவ்வட்டை உண்டு என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

“ஆபத்தை அகற்றிவிட்டால் வீரம் எங்கே?” என்று வினவுவார் உளர். நம் புறத்திணையைக் கற்றவர்க்கு இவ்வினா மயக்கம் தராது. போருக்கு முன் ஆவினையும், அந்தணரையும், பெண்டிரையும், பிணியுடையாரையும் அரண் சேருமாறு அறிவித்தலைப் பண்டைத் தமிழர் அறமென்று போற்றினர். நெறியுடைமை வீரத்தைக் குறைத்ததில்லை. வள்ளுவர் ஊழ் என ஓர் அதிகாரம் வைத்ததை நினைவில் வைத்திருக்கும் நாம், பொச்சாவாமை எனவும் ஓர் அதிகாரம் வைத்தார் என்பதை மறந்துவிடுகிறோம். மகிழ்ச்சி மிகுதியாற் பிறக்கும் மறதியே பொச்சாப்பு. விளையாட்டு விழாவிலே நமக்கு வருவது பெரும்பாலும் அந்த மறதிதான். கோயிற்றேர் ஓடும்போது வடம்பிடிப்போர் ஆயிரவர். சக்கரத்தடியில் முட்டுக்கட்டை இடுவோர் சிலரே. அச்சிலர் இல்லையேல் தேரும் இல்லை, திருவிழாவும் இல்லை. பேச்சு வழக்கில் முட்டுக்கட்டை என்றால் இடையூறு என்று பொருள்கொள்கிறோம். தேரோட்டத்திலோ அதுவே காப்பு.

இனி நம் ஊருக்கு வருவோம். நம் போட்டிகளுக்கு ஆல்ப்சு மலையிறக்கம் இல்லை. ஆனால் அறுவடைக் காலத்தில் வீதியிலே நெல் காயப்போடப்படுகின்றது. கடற்காற்று வாரியிறைக்கும் மணல் தார்வீதியிற் படிகின்றது. மாடு குறுக்கே வருகின்றது. ஒழுங்கையிலிருந்து ஓட்டோ எதிர்பாராது வெளிப்படுகின்றது. மதகடியில் வீதி ஒடுங்குகின்றது. இவற்றுள் எதுவும் ஊழன்று. விடியற்காலையிலே வீதியைக் கூட்டுதற்கும், மதகுதோறும் செங்கொடியோடு ஒருவரை நிறுத்துதற்கும், தலைக்கவசமில்லாதவனைத் தொடக்கக்கோட்டிலேயே மறுத்தற்கும், எல்லைக்கோட்டை நேரான, சமமான, அகன்ற இடத்திலே கீறுதற்கும், உச்சிவெயிலைத் தவிர்த்தற்கும் பெரும்பொருள் வேண்டுவதில்லை. 1960-ஆம் ஆண்டு உரோம் ஒலிம்பிக் போட்டியிலே தென்மார்க்கு வீரர் நூத் எனமார்க் யென்சன் கடும்வெயிலிற் சோர்ந்து வீழ்ந்து, மண்டையுடைந்து மாண்டார் என்பதைச் சித்திரை வெயிலிலே போட்டி வைப்போர் நினைவிற்கொள்வது நன்று.

எல்லாவற்றினும் என் நெஞ்சை வருத்துவது 2024-ஆம் ஆண்டு செப்டெம்பர் 26-ஆம் நாள் நிகழ்ந்தது. சுவிற்சர்லாந்தின் சூரிக்கு நகரிலே உலக இளையோர் போட்டி. மியூரியல் பூரர் என்னும் பதினெட்டு வயது நங்கை, தன் சொந்த நாட்டிலேயே, மரச்செறிவு மிக்க இறக்கத்தில் விழுந்தாள். அவள் விழுந்ததை ஒருவரும் காணவில்லை. போட்டி தொடர்ந்து நடந்தது. அவளோ நெடுநேரம் அங்கே தனியே கிடந்தாள். மறுநாள் இறந்தாள். 2025-இல் ருவாண்டாவின் கிகாலி நகரில் நடந்த உலகப் போட்டியிலே, வீரர் ஒவ்வொருவரும் இருக்கும் இடத்தைக் காட்டும் கருவி சைக்கிள்களிற் பொருத்தப்பட்டது. இங்கும் விதி உயிருக்குப் பின்னரே வந்தது.

அக்கருவி நம் ஊர்க் கழகங்களுக்கு வாய்க்காது, வேண்டுவதும் இல்லை. ஆசிரியர் ஒவ்வொருவரும் சுற்றுலா முடிந்து வண்டியேறும்போது பிள்ளைகளை எண்ணுகிறோம் அல்லவா? அவ்வளவே போதும். விழா நடத்தும் இளைஞர்க்கு நான் வேண்டுவது இதுவே: புறப்பட்டோர் எத்தனைபேர் என்று தொடக்கத்திலே எழுதிவையுங்கள். வென்றவனுக்கு மாலையிடுமுன், வந்தோரை எண்ணுங்கள். ஒருவர் குறைந்தால் ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டு, வந்த வழியே தேடிச் செல்லுங்கள்.