கம்பியூட்டரை மாற்றுவதற்கு முன்

தேத்தண்ணி ஆறட்டும், தம்பி. அதற்குள் ஒன்று கேட்கிறேன். உங்கள் டொயோட்டா ஆக்ஸியோவின் எஞ்சின் கம்பியூட்டர் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று கராஜில் சொன்னார்களாம். எதை வைத்துச் சொன்னார்கள்? ஸ்கேனரைச் செருகினோம், பேசவில்லை என்றா?

அது போதாது. ஸ்கேனர் பேசாமல் இருக்க நாலைந்து காரணம் இருக்கும். கம்பியூட்டர் செத்துப்போவது அதில் கடைசிக் காரணம். அந்த வீதியில் போகும் த்ரீவீலைப் பாருங்கள். பழைய பஜாஜில் தீப்பொறியைக் கவனிக்க ஒரு சிறு சிடிஐ மட்டும்தான் உண்டு, சந்தேகம் வந்தால் வேறொன்றைப் போட்டுப் பார்த்துவிடலாம். உங்கள் காரில் அப்படி முடியாது. பெற்றோல் எவ்வளவு, தீப்பொறி எப்போது, திரொட்டில் எவ்வளவு திறப்பது என்று எல்லாமே அந்த அலுமினியப் பெட்டியின் முடிவு. அதனால்தான் எந்தக் கோளாறு வந்தாலும் பழியும் அதன் தலையில் விழுகிறது.

வீட்டுக்குப் போனதும் திறப்பை ஒன் நிலைக்குத் திருப்புங்கள், ஸ்டார்ட் பண்ண வேண்டாம். டேஷ்போர்டில் மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிகிறதா? எரிந்தால் பெட்டிக்கு மின்சாரம் போகிறது, அது விழித்திருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். எரியாவிட்டால் முதலில் ஈஎஃப்ஐ பியூஸ், பிறகு மெயின் ரிலே, பிறகு எர்த் வயர். எர்த்தைக் கண்ணால் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையை பட்டரியின் நெகட்டிவிலும் மற்றதைப் பெட்டியின் எர்த் வயரிலும் வைத்து, இன்னொருவரை ஸ்டார்ட்டரைச் சுழற்றச் சொல்லுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் நின்றால் நல்லது. அரை வோல்ட் காட்டினால் எங்கோ ஒரு போல்ட்டின் அடியில் துரு உட்கார்ந்திருக்கிறது.

அதுவும் சரியாக இருந்து விளக்கு எரியவில்லையா? இப்போதுதான் பலர் தவறுகிற இடம் வருகிறது. கம்பியூட்டர் தன் சென்சர்கள் பலவற்றுக்கு 5 வோல்ட் மின்சாரத்தைப் பொதுவாகக் கொடுக்கிறது. டொயோட்டாக்காரர் அதை விசி என்பார்கள். திரொட்டில் சென்சர், ஏசி பிரஷர் சென்சர், இப்படிப் பல அதில் தொங்குகின்றன. ஒன்று உள்ளே ஷோர்ட் ஆனால், அல்லது அதன் வயரை எலி கடித்துவிட்டால், 5 வோல்ட் முழுவதும் விழுந்துவிடும். பெட்டி ஊமையாகும், விளக்கு எரியாது, ஸ்கேனரும் பேசாது. பார்ப்பவருக்குக் கம்பியூட்டர் செத்தது போலவே தெரியும். திறப்பை ஒன்னில் வைத்துக்கொண்டு சென்சர் பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றும்போது மஞ்சள் விளக்கு சட்டென்று எரிகிறதோ, அதுதான் குற்றவாளி. பெட்டிக்குக் கேட்ட காசில் ஒரு சிறு பங்கோடு வேலை முடிந்துவிடும்.

உண்மையாகவே பெட்டி போவதும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. 2010 ஆகஸ்டில் டொயோட்டாவே அமெரிக்காவிலும் கனடாவிலும் விற்ற 2005 முதல் 2008 வரையான கொரோலா, மேட்ரிக்ஸ் கார்களில் சுமார் 11 லட்சத்து 30 ஆயிரத்தைத் திருப்பியழைத்தது. கம்பியூட்டர் பலகையின் ஈயப்பற்றில் வெடிப்பு வரலாம் என்பது காரணம். ஸ்கேனர் பேசி, பி0601 அல்லது பி0606 என்று காட்டினால், தன் நினைவிலோ புரொசசரிலோ கோளாறு என்று பெட்டி தானே சொல்கிறது. அப்போதும் பட்டரியையும் எர்த்தையும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் நம்ப வேண்டும்.

நம் பக்கத்தில் பெரிய எதிரி தண்ணீர். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மகாவலி என்ன செய்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் ஏறிய வண்டியில் திறப்பைத் திருப்பிப் பார்க்கும் ஆசைதான் பெட்டியைக் கொல்லும். முதலில் பட்டரியைக் கழற்ற வேண்டும். பிறகு பெட்டியை வெளியே எடுத்து, பிளக்கின் ஊசிகளில் பச்சை பூத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பெட்டி போனது உறுதியானால் அடுத்த கேள்வி, எது கொன்றது என்பது. இதைக் கேட்காமல் புதியதைப் போட்டால் அதுவும் எரியும். எஞ்சின் ஓடும்போது பட்டரியில் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். 16ஐத் தொட்டால் ஆல்டர்னேட்டரைத் திருத்திவிட்டுத்தான் மற்ற வேலை. இன்ஜெக்டரை அளந்தால் சுமார் 12 முதல் 16 ஓம் காட்ட வேண்டும். மிகக் குறைவாகக் காட்டினால், பெட்டிக்குள்ளே டிரான்சிஸ்டர் எரிந்தது அதனால்தான். யாராவது ஜம்ப் வயரைத் தலைகீழாகக் கொடுத்தார்களா என்று வீட்டிலும் விசாரியுங்கள், வெட்கத்தில் சொல்லாமல் இருப்பார்கள்.

வாங்குவதைப் பற்றி. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நின்று, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அந்த ஐந்து வருடமும் பழைய வண்டிகளைத்தான் ஒட்டி ஒட்டி ஓட்டினோம், பாவித்த ஜப்பான் சாமானில்தான் உயிர் பிழைத்தோம். கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளில் தேடினால் பெட்டி கிடைக்கும். ஆனால் “ஆக்ஸியோ பெட்டி” என்று கேட்காதீர்கள். உங்கள் பெட்டியின் ஸ்டிக்கரில் 89661 என்று தொடங்கும் இலக்கத்தைக் கடைசி எழுத்து வரை காட்டிக் கேளுங்கள். மேனுவலா ஓட்டோவா, என்ன வருடம் என்பதெல்லாம் அந்தக் கடைசி இலக்கங்களில்தான் இருக்கிறது. பிளக் பொருந்துவதை வைத்து ஏமாறாதீர்கள், பிழையான பெட்டியிலும் பிளக் பொருந்தும்.

இலக்கம் பொருந்தினாலும் வண்டி ஸ்டார்ட் ஆகி உடனே நின்றுபோகலாம். அது இம்மொபிலைசர். திறப்பின் பிளாஸ்டிக் தலைக்குள் ஒரு சிப் இருக்கிறது. வேறொரு காரில் பிறந்த பெட்டிக்கு உங்கள் திறப்பைத் தெரியாது. டொயோட்டாவின் சில மொடல்களில் ஸ்கேனர் சொக்கெட்டின் 4ஆவது, 13ஆவது ஊசிகளை இணைத்து, திறப்பை ஒன்னில் 30 நிமிடம் விட்டால் பெட்டியும் இம்மொபிலைசரும் சமாதானமாகிவிடும். எந்த மொடலுக்கு இது பொருந்தும் என்று சேவைக் கையேட்டில் பார்த்துவிட்டுச் செய்ய வேண்டும், ஊசி மாறினால் இன்னொரு செலவு. மற்றவற்றில் பழைய பெட்டியைத் திறந்து, எட்டுக்கால் நினைவுச் சிப்பில் உள்ளதைப் படித்துப் புதியதில் எழுதுவார்கள். கையில் நிதானமுள்ள வயரிங் பாஸ் ஒருவர் அதை மத்தியானத்துக்குள் முடித்துவிடுவார்.

அதனால் கடைக்காரர் “பழையதைத் தந்தால் விலை குறைப்பேன்” என்றாலும் கொடுக்காதீர்கள். எரிந்துபோன பெட்டியிலும் அந்தச் சிப் பெரும்பாலும் உயிரோடு இருக்கும். இன்னும் திறப்பையே திருப்பிப் பார்க்கவில்லை நாம், பெட்டி வாங்கும் பேச்சு எதற்கு? முதலில் விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு எனக்கு ஒரு கோல் எடுங்கள்.