ஒதுங்க ஓர் இடம்!

வண்டி பழுதானால் ஒதுங்கி நிற்க இங்கிலாந்தின் நெடுஞ்சாலைகளில் ஓரப்பாதை உண்டு. நெரிசலைக் குறைப்போம் என்று 2006-ல் எம்42 சாலையில் அதைச் சில நேரம் மட்டும் ஓடுபாதையாக்கினார்கள். 2014 முதல் சில சாலைகளில் எந்நேரமும் ஓடுபாதையே! 'ஸ்மார்ட்' சாலை என்று பெயரும் சூட்டினார்கள். ஒதுங்குமிடமோ இரண்டரை கிலோமீட்டருக்கு ஒன்று என்ற அளவில்கூட அமைந்தது.

நின்ற வண்டிகள் மீது பின்வந்தவை மோதின; உயிர்கள் பறிபோயின. மொத்தத்தில் ஆபத்தில்லை என்றனர் அதிகாரிகள். அவர்கள் கணக்கிலேயே, நின்ற வண்டியில் மோதும் அபாயம் கூடியிருந்தது!

மாண்டோரின் குடும்பங்கள் போராடின. 2021 நவம்பரில் நாடாளுமன்றப் போக்குவரத்துக் குழு, "ஐந்தாண்டு விபரம் வரட்டும், அதுவரை நிறுத்துக" என்றது. 2022 ஜனவரியில் அரசு இணங்கியது. 2023 ஏப்ரலில் புதிய திட்டங்களைக் கைவிட்டது. பறித்த ஓரத்தையோ திருப்பித் தரவில்லை.

தோழர்களே, நாம் கேட்கிறோம்: சாலை போடுமுன் கேட்க வேண்டிய கணக்கைச் சாவுக்குப் பிறகா கேட்பது?