ரத்தமில்லாத இரண்டு நாட்கள்

அறுவை அரங்கில், உப்புநீரில் நனைத்த துணியின் மேல் இரண்டு சிறு தோல்வட்டங்கள் இருக்கின்றன. அகலம் இரண்டரை சென்டிமீட்டர்கூட இராது. சற்று முன்பு வரை அவை ஒரு திருநம்பியின் மார்புக் காம்புகள். இப்போது ரத்த ஓட்டமும் இல்லை, நரம்புத் தொடர்பும் இல்லை. ஆனாலும் வேறோர் இடத்தில் தைத்தால் பிழைத்துக்கொள்ளும்.

டெஸ்டோஸ்டீரோன் எடுத்துக்கொள்ளும் திருநம்பிக்குக் குரல் தடிக்கும், மீசை அரும்பும். ஏற்கெனவே வளர்ந்துவிட்ட மார்பகம் மட்டும் அதற்குக் கரைவதில்லை. அதனால்தான் பலர் மார்பை இறுக்கித் தட்டையாக்கும் பைண்டரை மூச்சு முட்ட அணிந்து, வெயிலிலும் வியர்வையிலும் நாளை ஓட்டுகிறார்கள். மார்பகத்தை நீக்கும் அறுவை சிகிச்சை வேண்டுமென்று கேட்பவர்களில் பெரும்பாலோர் பைண்டரை ஒருமுறையேனும் மாட்டியிருப்பார்கள்.

புற்றுநோய்க்காக மார்பகத்தை எடுப்பதும் இதுவும் ஒன்றல்ல. அங்கே திசுவை முடிந்தவரை முழுதாக நீக்குவது நோக்கம். இங்கே அப்படி வழித்தெடுத்தால் மார்பு குழிந்துபோகும். எனவே தோலுக்கடியில் கொழுப்பும் கொஞ்சம் திசுவும் வேண்டுமென்றே விடப்படுகின்றன. அதனாலேயே, பிற்காலத்தில் கட்டி ஏதும் தட்டுப்பட்டால் மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும். புற்றுநோய் அபாயம் வெகுவாகக் குறைகிறதே தவிர அற்றுப்போவதில்லை. மார்பகத்தின் கீழிருக்கும் மடிப்பையும் அவிழ்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பழைய வடிவத்தின் நிழல் தங்கிவிடும்.

மார்பகம் சிறியதாக இருந்தால் காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் விளிம்பிலேயே கீறி வேலையை முடித்துவிடலாம். பெரியதென்றால் மார்புத் தசையின் கீழ்விளிம்பை ஒட்டி இரு பக்கமும் நீளக் கீறி, காம்புகளைத் தனியே எடுத்து இடம் மாற்றுவார்கள். காம்பை இப்படித் தனியே பிரித்து ஒட்டும் முறையை, மார்பகத்தைச் சிறிதாக்கும் சிகிச்சைக்காக, சிகாகோ மருத்துவர் மேக்ஸ் தோரெக் 1922இல் வெளியிட்டிருந்தார்.

எங்கே ஒட்டுவது? ஆணின் காம்பு சிறியது, சற்றே நீள்வட்டமானது, மார்புத் தசையின் வெளிப்புறம் ஒதுங்கியிருப்பது. தினமும் கண்ணில் படுவதுதான். ஆனாலும் இடம் குறிக்கச் சொன்னால் நம்மில் பலர் தடுமாறுவோம். அளவுகோல் இருந்தும் பல மருத்துவர்கள், மயக்கத்தில் இருப்பவரின் மேசையை நிமிர்த்தி, பாதி உட்கார்ந்த நிலையில் மார்பைத் தள்ளி நின்று பார்த்துவிட்டே இடத்தை முடிவு செய்கிறார்கள்.

ஒட்டவேண்டிய இடத்தில் மேல்தோலைச் சீவி, அடிப்புறம் மெல்லியதாக்கிய காம்பை வைத்துத் தைத்து, மேலே பஞ்சுப்பொதியை இறுகக் கட்டுவார்கள். முதல் இரண்டு நாட்கள் அதற்கு ரத்தம் கிடையாது. கீழே ஊறும் பிளாஸ்மாவை, திரி எண்ணெயை இழுப்பதுபோல் இழுத்துக்கொண்டு உயிர் தாங்குகிறது. பிறகு காம்பிலுள்ள நுண்குழாய்களின் வெட்டுமுனைகளும் கீழிருந்து வருபவற்றின் முனைகளும் ஒன்றையொன்று தேடிச் சேர்கின்றன. புதிய குழாய்களும் முளைக்கின்றன. ஒரு வாரத்துக்குள் ரத்தம் ஓடத் தொடங்கிவிடும். நடுவில் ரத்தம் கட்டினாலோ, காம்பு நகர்ந்தாலோ இந்த இணைப்பு கெடும். பஞ்சுப்பொதி ஒரு வாரம்போல அசையாமல் இருக்க வேண்டிய காரணம் அதுதான். நுண்குழாய்களைச் சுருக்கிவிடும் நிகோட்டினை வாரக்கணக்கில் முன்பே நிறுத்தச் சொல்வதும் இதற்காகவே.

கட்டைப் பிரிக்கும் நாளில் காம்பு கறுத்து, பொருக்குத் தட்டியிருக்கும். பார்த்துப் பயந்துவிடுவார்கள். பெரும்பாலும் உதிர்வது மேல்தோல்தான். அடியில் இளஞ்சிவப்பாக உயிருள்ள தோல் இருக்கும்.

இந்த மருத்துவத்தின் தொடக்க வரலாற்றில் இங்கிலாந்தின் மைக்கேல் டில்லன் நிற்கிறார். 1942இல் பிரிஸ்டலில் அவருக்கு மார்பு அறுவை நடந்தது. முதல் உலகப்போரில் சிதைந்த முகங்களைச் சீரமைத்த ஹரால்ட் கில்லீஸ்தான் பின்னாளில் அவருக்கு ஆணுறுப்பை அமைத்தவர். டில்லன் தானும் மருத்துவரானார். இந்தியாவுக்கு வந்து, பௌத்தத்தைத் தழுவி, புத்தரின் வைத்தியர் ஜீவகரின் பெயரை ஏற்று, 1962இல் டல்ஹௌசியில் இறந்தார்.

இந்த அறுவையில் இன்றும் தீராத குறை, தொடுவுணர்ச்சி. காம்பைப் பிரிக்கும்போது அதன் நரம்பு அறுபடுகிறது. தொடுவுணர்வு ஓரளவு திரும்பலாம், முழுதாகத் திரும்புவது அரிது. நரம்பையும் சேர்த்து இணைக்கும் முயற்சிகளில் இப்போது சிலர் இறங்கியிருக்கிறார்கள். தழும்பு மங்க ஓராண்டாவது பிடிக்கும். மாநிறத் தோலில் தழும்பு தடித்துக் கீலாய்டாகும் வாய்ப்பு கூடுதல் என்பதால், நம் ஊர்க்காரர்கள் சிலிக்கோன் பட்டையும் வெயில் படாத பராமரிப்பும் பற்றி அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் பேசிவிடுவது நல்லது.