‘நீங்க போங்க சிஸ்டர்’: வாகனத் தணிக்கையில் செவிலியருக்குச் சலுகை சரியா?

திருச்சி காட்டூரில் குடியிருக்கும் செவிலியருக்கு இரண்டு திசையிலும் வேலை இருக்கிறது. மேற்கே போனால் புத்தூரில் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை, தில்லை நகர்ப் பக்கம் தனியார் மருத்துவமனைகள். கிழக்கே போனால் கைலாசபுரத்தில் பெல் மருத்துவமனை. எந்தப் பக்கம் போவதானாலும் தஞ்சாவூர் சாலையில்தான் ஏறியாக வேண்டும். போலீஸார் வாகனத் தணிக்கைக்கு நிற்பதும் அந்தச் சாலையில்தான்.

ஹெல்மெட் இல்லாமல் வரும் ஸ்கூட்டியை ஓரங்கட்டச் சொல்கிறார்கள். ஓட்டி வந்தவர் மேல் வெள்ளை கோட்டு, கழுத்தில் அடையாள அட்டை. “டூட்டிக்கு நேரமாச்சு சார்” என்கிறார். அதற்கு வரும் பதில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. “யாரா இருந்தா என்ன, ஃபைன் கட்டிட்டுப் போங்க” என்பது ஒன்று. “நீங்க போங்க சிஸ்டர், நாளைக்கு ஹெல்மெட் போட்டுட்டு வாங்க” என்பது இன்னொன்று.

இரண்டாவது பதிலில் ஈரம் இருக்கிறது. அதனால்தான் அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 129-வது பிரிவு இருசக்கர வாகனத்தில் செல்வோர் தலைக்கவசம் அணிய வேண்டும் என்கிறது. அந்தப் பிரிவே விலக்குத் தருவது தலைப்பாகை அணிந்த சீக்கியர்களுக்கு. தொழிலைச் சொல்லிக் கேட்கும் விலக்கு அதில் கிடையாது. மருத்துவருக்கும் இல்லை, செவிலியருக்கும் இல்லை, போலீஸாருக்கும் இல்லை. போலீஸாருக்கு நிலைமை இன்னும் கடுமை. 2019 திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 210-பி பிரிவின்படி, சட்டத்தை அமல்படுத்தும் பொறுப்பில் இருப்பவரே விதியை மீறினால் அபராதம் இரண்டு மடங்கு.

ஹெல்மெட் இல்லாவிட்டால் 194-டி பிரிவின்படி 1,000 ரூபாய் அபராதம்; மூன்று மாதம் ஓட்டுநர் உரிமம் செல்லாமல் போகவும் அந்தப் பிரிவில் வழி இருக்கிறது. தமிழகத்தில் இந்தப் புதிய அபராதத் தொகைகள் 2022 அக்டோபரில் அமலுக்கு வந்தன. ஆம்புலன்ஸுக்கு வழிவிடாதவருக்கு 10,000 ரூபாய். உயிர்காக்கும் பணிக்குச் சாலையில் முன்னுரிமை உண்டு என்பதைச் சட்டம் ஒப்புக்கொள்கிறது. ஆனால் அந்த முன்னுரிமை வண்டிக்கும், அந்த நேரத்து அவசரத்துக்கும் உரியது. நோயாளியை ஏற்றிக்கொண்டு சைரனோடு போகும் ஆம்புலன்ஸுக்கு உண்டு. டூட்டிக்குப் போகும் செவிலியரின் ஸ்கூட்டிக்கு இல்லை.

அப்படியானால் தணிக்கையில் நிற்கும் அதிகாரியின் கையைச் சட்டம் கட்டிப்போட்டிருக்கிறதா என்றால், முழுக்க அப்படியும் இல்லை. 200-வது பிரிவின்படி அந்த இடத்திலேயே பணம் வாங்கி வழக்கை முடிப்பது ஓர் ஏற்பாடுதான். தொகையை அரசாணை நிர்ணயிக்கிறது. “ஐந்நூறு கொடுங்க போதும்” என்று குறைக்க அதிகாரிக்கு அதிகாரமில்லை. வண்டி ஓட்டியவரும் அங்கேயே கட்டித்தான் தீர வேண்டும் என்றில்லை. நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லலாம். இ-சலான் வந்த பிறகு ஆளை நிறுத்தி வைக்க வேண்டிய தேவையே குறைந்துவிட்டது. எண்ணைப் பதிந்தால் போதும். உரிமம், ஆர்.சி. புத்தகம் எல்லாம் டிஜிலாக்கரில் காட்டினாலும் செல்லும்.

நடைமுறையில் எச்சரித்து அனுப்புவதும் நடக்கிறது. எல்லா ஊரிலும், எல்லாத் தொழில் செய்வோருக்கும், முகத்தைப் பார்த்து. சிக்கல் அங்கேதான்.

இந்தச் சாலைக்கு ஒரு காயம் உண்டு

2018 மார்ச் 7. துவாக்குடியில் ஹெல்மெட் தணிக்கை. பைக்கில் வந்த ஒரு தம்பதி நிற்காமல் போனார்கள் என்று போக்குவரத்து ஆய்வாளர் ஒருவர் துரத்திச் சென்று வண்டியை உதைத்ததாகக் குற்றச்சாட்டு. திருவெறும்பூர் பெல் கணேஷா ரவுண்டானா அருகே கீழே விழுந்த மனைவி இறந்துபோனார். அன்று இரவே ஆயிரக்கணக்கானோர் திரண்டு தஞ்சாவூர் நெடுஞ்சாலையை மறித்தார்கள். ஆய்வாளர் கைது செய்யப்பட்டார், பணியிடை நீக்கமும் செய்யப்பட்டார். தமிழகம் முழுவதும் பல நாள் இதே பேச்சாக இருந்தது.

காட்டூருக்குக் கிழக்கே சில கிலோமீட்டரில் நடந்தது அது. இந்தச் சாலையில் தணிக்கை பற்றி யார் பேசினாலும் அந்த மாலை நினைவுக்கு வராமல் இருக்காது. இறந்த பெண் செவிலியர் அல்ல. யாரோ ஒரு வீட்டுப் பெண். அவருக்குக் கிடைத்திருக்க வேண்டியது சலுகை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்; நம்பர் பிளேட்டைக் குறித்துக்கொண்டு விட்டிருந்தால் போதும். நிதானமான, முறையான தணிக்கை எல்லோருக்கும் பொதுவான உரிமை. அதையே ‘செவிலியருக்கான கனிவு’ என்று தனியாகப் பொட்டலம் கட்டினால், வெள்ளை கோட்டு இல்லாதவருக்கு வேறு மாதிரி நடக்கலாம் என்ற அர்த்தம் தானாக வந்துவிடும்.

சிஸ்டர் சரி, மற்றவர்கள்?

சலுகை தரலாம் என்றே வைத்துக்கொள்வோம். யாருக்கு?

வார்டில் ‘பிரதர்’ என்று கூப்பிடப்படும் ஆண் செவிலியர் சாதாரணச் சட்டை போட்டுக்கொண்டு பைக்கில் வருகிறார். சீருடையை மருத்துவமனைக்குப் போய்த்தான் போடுவார். அவரைப் பார்த்து யாரும் “நீங்க போங்க” என்று சொல்வதில்லை. ஆபரேஷன் தியேட்டரைக் கழுவித் துடைத்துத் தயார் செய்யும் தூய்மைப் பணியாளர் வராவிட்டால் முதல் அறுவைச் சிகிச்சையே தள்ளிப்போகும். லேப் டெக்னீஷியன் வராவிட்டால் ரத்தப் பரிசோதனை முடிவு வராது. இவர்கள் அவசரம் அவசரமில்லையா?

2020 மார்ச் 24 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் ஊரடங்குக்கான வழிமுறைகளை வெளியிட்டபோது, மருத்துவர், செவிலியரோடு நிறுத்தவில்லை. துணை மருத்துவப் பணியாளர், மருத்துவமனையின் மற்ற உதவிப் பணியாளர் எல்லோரும் போய்வர அனுமதி என்றது. வேலையை வைத்துப் பிரித்தால் அப்படித்தான் பிரிக்க முடியும். அரசமைப்புச் சட்டத்தின் 14-வது பிரிவு சம்பந்தமான வழக்குகளில் நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வியும் இதுதான்: ஒரு கூட்டத்தை மட்டும் தனியே பிரிக்கிறீர்கள் என்றால், பிரித்ததற்கும் நோக்கத்துக்கும் என்ன தொடர்பு? ஹெல்மெட் விதியின் நோக்கம் மண்டையைக் காப்பது. செவிலியர் மண்டைக்கு வேறு கணக்கு இல்லை. ஊரடங்கில் கொடுத்ததுகூடச் சாலையில் போவதற்கான அனுமதி, விதியை மீறுவதற்கானது அல்ல.

2024 மே மாதம் சென்னையில் வண்டிகளில் ‘பிரஸ்’, ‘போலீஸ்’, ‘டாக்டர்’ என்று ஸ்டிக்கர் ஒட்டுவதற்கு எதிராகப் போக்குவரத்து போலீஸ் நடவடிக்கை எடுத்ததும் மருத்துவர்கள் தரப்பில் எதிர்ப்பு எழுந்தது. விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் கடையில் வாங்கி ஒட்டிக்கொள்ளலாம் என்பதுதான் அதில் இருந்த அடிப்படைத் தொல்லை. வெள்ளை கோட்டும் கடையில் கிடைக்கிற பொருள்தான்.

கேஷுவாலிட்டியில் ஓடும் கணக்கு

போலீஸுக்குச் செவிலியர் மேல் இருக்கும் மரியாதை போலியானதல்ல. இரவு இரண்டு மணிக்கு விழித்திருக்கும் வேலைகளில் இரண்டு இவை. விபத்தில் அடிபட்டவரைக் கொண்டுவந்து சேர்ப்பதும், விபத்துப் பதிவேட்டின் நகலுக்காக ‘ஏ.ஆர். காப்பி எங்க சிஸ்டர்?’ என்று காத்துக்கிடப்பதும் காவலர்தான். இருவருக்கும் ஒரே டீயைப் பகிர்ந்து குடிக்கிற பழக்கம் உண்டு. காலையில் சாலையில் அதே முகத்தைப் பார்த்ததும் கை தானாக ‘போங்க’ என்று அசைகிறது.

இந்தச் சலுகையை நான் எதிர்ப்பதற்கு முக்கியக் காரணமே இந்த நெருக்கம்தான். கேஷுவாலிட்டியில் போலீஸுக்குத் தேவையானது நிறைய செவிலியரின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அடிபட்டவர் எத்தனை மணிக்கு வந்தார், என்ன பேசினார், மது வாடை இருந்ததா, உடம்பில் எங்கெங்கே காயம், யார் கூட்டி வந்தது. போலீஸ் காவலில் இருந்து கொண்டுவரப்பட்ட ஒருவரின் உடம்பில் இருக்கும் காயத்தை முதலில் பார்ப்பவர்களில் ஒருவர் செவிலியர். பின்னால் சாட்சிக் கூண்டில் ஏற வேண்டி வந்தாலும் வரும். அப்படிப்பட்டவர் எந்த நிலையத்துக்கும் நன்றிக்கடன் படாமல் இருப்பது நல்லது. 1,000 ரூபாய் சின்னத் தொகைதான். நம் ஊரில் ‘அன்னைக்கு விட்டேனே சிஸ்டர்’ என்ற பேச்சுக்கு அதைவிட எடை அதிகம்.

அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் 2017 ஜூலை 26 அன்று நடந்ததை இங்கே சொல்லலாம். சாலை விபத்தில் தீக்காயமடைந்து நினைவிழந்து கிடந்த லாரி ஓட்டுநரிடம் ரத்த மாதிரி எடுக்கப் பல்கலைக்கழக மருத்துவமனைக்குப் போலீஸ் அதிகாரி ஒருவர் வந்தார். நோயாளியின் சம்மதம் இல்லை, நீதிமன்ற ஆணை இல்லை, அவர் கைதானவரும் இல்லை. ஆகவே எடுக்க முடியாது என்று பணியில் இருந்த செவிலியர் மறுத்தார். மருத்துவமனை போலீஸோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தையே அச்செடுத்துக் காட்டினார். அதிகாரி அவருக்கு விலங்கு மாட்டி வெளியே இழுத்துப் போனார். காணொளி வெளியானதும் நகரமே கொதித்தது. அதிகாரி வேலை இழந்தார். செவிலியருக்கு 5 லட்சம் டாலர் இழப்பீடு கிடைத்தது. முடியாது என்று அந்தச் செவிலியரால் சொல்ல முடிந்தது. சாலையில் வாங்கிய சலுகைகளின் நினைவோடு நிற்கும் ஒருவருக்கு அந்த வார்த்தை வாயில் வருமா?

இரவு முடிந்து வீடு திரும்பும்போது

டூட்டிக்குப் போகிறவரின் அவசரத்தையே எல்லோரும் பேசுகிறோம். ஆபத்து அதிகம் இருப்பது திரும்பி வரும் வழியில். இரவு முழுக்க நின்றுவிட்டுக் காலை வெயிலில் ஸ்கூட்டியை எடுக்கும் நேரம் அது. பயிற்சி மருத்துவர்கள் 2,737 பேரிடம் நடந்த ஆய்வு ஒன்று 2005-இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வந்தது. 24 மணி நேரத்துக்கு மேல் தொடரும் பணி முடிந்து வண்டி ஓட்டும்போது விபத்துக்கான வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல் கூடுகிறது என்று அது கண்டது. இரவுப் பணியாளர்கள் 16 பேரைச் சோதனைத் தடத்தில் ஓட்டவைத்த இன்னொரு அமெரிக்க ஆய்வில், இரவுப் பணிக்குப் பிந்தைய 16 ஓட்டங்களில் ஆறில் விபத்து நூலிழையில் தவிர்க்கப்பட்டது. ஏழு ஓட்டங்களைப் பாதியிலேயே நிறுத்த வேண்டியிருந்தது. தூங்கி எழுந்து வந்து ஓட்டியபோது எதுவும் நடக்கவில்லை. அவர்கள் கார் ஓட்டியவர்கள். நம்மவர் ஓட்டுவது இரண்டு சக்கரத்தில், தஞ்சாவூர் சாலையில். பால்பண்ணையிலிருந்து துவாக்குடி வரை சர்வீஸ் ரோடு கேட்டு இப்பகுதி மக்கள் ஆண்டுக்கணக்காகப் போராடி, நீதிமன்றம் வரை போன சாலை இது. ஊருக்குள் போகும் ஸ்கூட்டியும் லாரியும் ஒரே தாரில் ஓடுகின்றன.

மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகக் கணக்குப்படி, 2022-இல் ஹெல்மெட் அணியாமல் நாட்டில் இறந்தவர்கள் 50,029 பேர். ஹெல்மெட் தலைக்காயத்தை 69 விழுக்காடும், இறப்பை 42 விழுக்காடும் குறைக்கிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு சொல்கிறது. தலைக்காய நோயாளிகளைத் தினமும் புரட்டிப் படுக்கவைக்கும் செவிலியருக்கு இது தெரியாததல்ல. தெரிந்தும் போடாமல் வருவதற்கு அவர்கள் சொல்லும் காரணங்கள் கொண்டை, மல்லிகைப்பூ, வேர்வை, டூட்டி முழுக்க ஹெல்மெட்டை எங்கே வைப்பது என்பது. கடைசிக் காரணத்துக்கு மருத்துவமனை ஒரு அலமாரி போட்டால் போதும்.

என்ன கொடுக்கலாம்?

தணிக்கையில் செவிலியர் இழப்பதில் பெரியது பணமா என்றால், சிலருக்கு ஆமாம். சிறிய தனியார் மருத்துவமனைச் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாயாவது தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் 2016 உத்தரவையொட்டி அமைந்த குழு பரிந்துரைத்தது. அந்தத் தொகை கிடைத்தால்கூட ஹெல்மெட் அபராதம் ஒன்றரை நாள் சம்பளம். அதற்குக் குறைவாக வாங்குவோருக்கு இன்னும் வலிக்கும். இருந்தாலும் இது சம்பளப் பிரச்சினை; அதைச் சாலையில் நிற்கும் எஸ்.ஐ. தீர்க்க முடியாது.

எல்லோரும் இழப்பது நேரத்தை. இவர் போய்ச் சேரும் வரை இரவெல்லாம் விழித்த இன்னொருவர் வார்டை விட்டு நகர முடியாது. ஹேண்ட் ஓவர் தாமதமாகும். ஊசி, மருந்து நேரம் தள்ளும். அதிகாரி கொடுக்கக்கூடியதும் கொடுக்க வேண்டியதும் இந்த நேரம்தான். அடையாள அட்டையைப் பார்த்ததும் வரிசையில் முதலில் எடுத்து, எண்ணைப் பதிந்து, சலானைப் போட்டு இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிடலாம். சாவியைப் பிடுங்குவதோ, ஆய்வாளர் வரட்டும் என்று அரைமணி நிற்கவைப்பதோ தேவையில்லை. மருத்துவமனைத் தூய்மைப் பணியாளருக்கும் லேப் ஊழியருக்கும் அதே வேகம். வார்டுக்குப் போனபின் சலானை ஆன்லைனில் கட்டலாம், தவறென்று நினைத்தால் நீதிமன்றத்தில் எதிர்க்கலாம்.

இதில் மருத்துவமனை நிர்வாகங்கள் இதுவரை வாயே திறக்கவில்லை. ஒரு ஷிஃப்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே கால்மணி நேரம் ஒன்றின்மேல் ஒன்று விழும்படி டூட்டி ரோஸ்டர் போட்டால், சாலையில் ஐந்து நிமிடம் போவது யாரையும் பதறவைக்காது. லேட் வந்தால் அரைநாள் சம்பளம் ‘கட்’ என்று பயோமெட்ரிக் கருவியை வைத்து மிரட்டும் இடங்களில்தான் ஸ்கூட்டிகள் சிக்னலைத் தாண்டிப் பறக்கின்றன. இரவு டூட்டி முடிப்பவர்களை அரியமங்கலம், காட்டூர், திருவெறும்பூர் என்று இறக்கிவிட ஒரு வேன் வைக்கச் செலவாகும்தான். நோயாளிகளைக் கேம்புக்கு ஏற்றிவர வேன் வைத்திருக்கும் நிர்வாகங்களுக்கு அந்தக் கணக்கு புதிதல்ல.