எண்ணெய் ஆலையில் பிறந்த கணினி நிறுவனம்

பொருளீட்டும் வேட்கையே தொழில் முனைவோரை இயக்குகிறது என்பது பொதுவாக நிலவும் கருத்தாகும். அஃது ஓரளவு உண்மையே. ஆயினும், பொருளீட்டிய நிறுவனங்கள் யாவும் நிலைபெற்றன அல்ல. ஒரு தலைமுறையில் ஓங்கி மறுதலைமுறையில் மறைந்தனவே மிகுதி. நிலைத்த தொழில்நுட்ப நிறுவனத்தைக் கட்டுவோரை உள்ளிருந்து இயக்குவது யாது என்பதை விப்ரோ நிறுவனத்தின் வரலாற்றைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

மராட்டிய மாநிலம் ஜல்காவ் மாவட்டத்தில் அமல்நேர் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கு 1945ஆம் ஆண்டு முகமது ஹாஷிம் பிரேம்ஜி தாவர எண்ணெய் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். வனஸ்பதியும் சலவைச் சோப்பும் அதன் பொருள்கள். 1966இல் அவர் திடீரென மறைந்தபோது, அவர்தம் மைந்தர் அசீம் பிரேம்ஜி அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்றுகொண்டிருந்தார். அகவை 21. படிப்பை நிறுத்தித் தாயகம் திரும்பிய அவ்விளைஞரை நோக்கி, பங்குதாரர் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, நிறுவனத்தை நடத்தும் அனுபவம் உமக்கில்லை, விற்றுவிடுதலே நன்று என்று வெளிப்படையாகவே கூறினார். அச்சொல்லே தம் உறுதியை வளர்த்தது எனப் பிரேம்ஜி பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார்.

தந்தை விட்டுச்சென்ற தொழிலை என்ன செய்வது என்னும் வினா நம் மாணவர் பலருக்கும் புதிதன்று. மாற்றுச் சான்றிதழ் கேட்டுத் துறை வாயிலில் நிற்கும் பிள்ளைகளை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். விற்றுவிடுவதும், இருந்தவாறே நடத்துவதும் எளிய வழிகள். பிரேம்ஜி இவ்விரண்டையும் மேற்கொள்ளவில்லை.

அவர் முதலில் திருத்தியது கடலைக் கொள்முதலை. கையால் தடவியும் கடித்துப் பார்த்தும் தரம் மதிக்கும் வழக்கத்தை விடுத்து, எடையிட்டு அளந்து விலை கூறும் முறையைப் புகுத்தினார். சிறு செயல்தான்; எனினும் பிற்காலத்துக் கணினி நிறுவனத்தின் வித்து இங்கேயே இருந்தது என்பது நம் கருத்து. நேர்மையை முதன்மையாகக் கொண்ட நெறிகளையும் 1970களின் தொடக்கத்திலேயே நிறுவனத்திற்கென வகுத்தார்.

அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் விதித்த பங்குக் கட்டுப்பாட்டை ஏற்க மறுத்து, ஐ.பி.எம். நிறுவனம் 1978இல் இந்தியாவை விட்டு நீங்கியது. அவ்வெற்றிடத்தில் 1980களின் தொடக்கத்தில் விப்ரோ கணினி செய்யப் புகுந்தது. காலம் கனிந்தது, அவ்வளவே என்பாரும் உளர். தமிழ்நாட்டவரான சிவ நாடார் நண்பர்களுடன் 1976இல் தொடங்கிய எச்.சி.எல். நிறுவனமும் அக்காலத்தைப் பயன்கொண்டு வளர்ந்தது. ஆனால், காலம் எல்லார்க்கும் பொதுவாகவே கனிந்தது. அன்று நாட்டிலிருந்த எண்ணெய் ஆலைகள் எத்தனை! கணினியை எண்ணிப் பார்த்தவை எத்தனை?

திருவள்ளுவர் ஆள்வினையுடைமையை அடுத்து இடுக்கண் அழியாமையை வைத்தார். அவ்வைப்பு முறையின் பொருத்தம் 1991க்குப் பின் விளங்கிற்று. பொருளாதாரச் சீர்திருத்தத்தால் அயல்நாட்டுக் கணினிகள் வந்து குவிந்தன; தாமே வடிவமைத்த கணினிகளுக்குச் சந்தை சுருங்கியது. கணினி என்னும் பொருளை மட்டுமே பற்றியிருந்த நிறுவனமாயின் அங்கேயே முடிந்திருக்கும். விப்ரோவோ, கணினி வடிவமைத்த பொறியாளர்களின் அறிவையே அயல்நாட்டு நிறுவனங்களுக்கு ஆய்வுப் பணியாகவும் மென்பொருட் பணியாகவும் வழங்கலாயிற்று. 2000ஆம் ஆண்டு அதன் பங்குகள் நியூயார்க் பங்குச் சந்தையில் இடம்பெற்றன. சோப்புத் தொழிலும் கைவிடப்படவில்லை என்பது சுவையான செய்தி!

ஆகவே, இயக்கிய ஆற்றல் எது? இகழ்ச்சிக்கு விடை கூறும் வீம்பு தொடக்கத்திற்குப் போதும், ஐம்பதாண்டுகளுக்குப் போதாது. நம் வழக்கில் அமானிதம் என்று ஒரு சொல் உண்டு. தனக்குரியதன்று, தன்னிடம் ஒப்படைக்கப்பட்டது என்னும் பொருளது. செல்வர்கள் தம் செல்வத்திற்கு அறங்காவலரே என்னும் காந்தியடிகளின் கருத்தையும், மும்பையில் ஊனமுற்ற குழந்தைகளுக்கான மருத்துவமனைக்கு உழைத்த தம் அன்னையாரையும் பிரேம்ஜி தமக்கு வழிகாட்டியாகக் குறிப்பிடுவார். 2001இல் கல்விக்கென ஓர் அறக்கட்டளை நிறுவிய அவர், 2019க்குள் விப்ரோ பங்குகளில் 67 விழுக்காட்டின் பயனை அறப்பணிக்கு ஒதுக்கிவிட்டார். அவ்வாண்டு ஜூலைத் திங்களில் தலைமைப் பொறுப்பினின்றும் விலகினார்.

இடையில் விட்ட பட்டப்படிப்பையும் அவர் மறந்தாரல்லர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின், எஞ்சிய பாடங்களை அஞ்சல்வழிப் பயின்று ஸ்டான்ஃபோர்டின் பட்டத்தைப் பெற்றார்.